தண்டு ஒத்துப்போகிறது, இலை ஒத்துப்போகவில்லை: உறவைக் காண எதை நம்புவது?

கேள்வி:
பொன்னாங்கண்ணி (ஆல்டர்நாந்திரா செசைலிஸ்), அதே பேரினத்தைச் சேர்ந்த ஆல்டர்நாந்திரா பஞ்சென்ஸ், நாயுருவி ஆகிய மூன்றின் குறுக்குவெட்டுகளையும் ஒப்பிட்டு வருகிறேன். மூன்றின் தண்டிலும் பித்துக்குள் (தண்டின் நடுவிலுள்ள மென்திசு) எதிரெதிராக இரண்டு வாஸ்குலக் கற்றைகள் (நீரையும் உணவையும் கடத்தும் குழாய்த் தொகுதிகள்) தெரிகின்றன. இலையில் பஞ்சென்ஸ் மட்டும் தனித்து நிற்கிறது. அதன் நரம்புகளைச் சுற்றிப் பசுங்கணிகம் நிறைந்த பெரிய செல்கள் வளையமாக அமைந்துள்ளன. உறவைத் தீர்மானிக்க இவற்றுள் எதை எடுத்துக்கொள்வது?

மறுமொழி 1:
அந்த வளையம் கிரான்ஸ் அமைப்பு. பஞ்சென்ஸ் சி4 தாவரம், அதாவது ஒளிச்சேர்க்கையில் கார்பன் டை ஆக்சைடை முதலில் நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட சேர்மமாக மாற்றுவது; மற்ற இரண்டும் மூன்று கார்பன் சேர்மமாக மாற்றும் சி3. சி4 ஒளிச்சேர்க்கை பூக்கும் தாவரங்களில் 60க்கும் மேற்பட்ட முறை தனித்தனியாகத் தோன்றியிருப்பதால், இலையை மட்டும் நம்பினால் பஞ்சென்ஸைச் சொந்தப் பேரினத்திலிருந்து பிரித்து, சி4 தாவரமான முளைக்கீரையோடு சேர்த்துவிடுவோம். பித் கற்றைகளும் முழுச் சான்று ஆகா. அவை இம்மூன்றும் அடங்கிய அமராந்தேசி குடும்பத்தில் பரவலாக இருப்பவை என்பது உண்மைதான். ஆனால் நிக்டாஜினேசி என்ற வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த மூக்கிரட்டையின் பித்திலும் இரண்டு பெரிய கற்றைகள் உண்டு. என் கருத்தில், தண்டைக் குடும்ப அளவிலும் இலையைச் சிற்றினங்களைப் பிரித்தறியவும் பயன்படுத்திக்கொண்டு, உறவைப் பற்றிய முடிவை மலரமைப்பிடமும் டிஎன்ஏவிடமும் விட்டுவிடுவதே சரி.

மறுமொழி 2:
மேற்கண்டதோடு உடன்படுகிறேன். சி4 என்பதை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு: நல்ல வெயிலில் இருந்த இலையைப் பிற்பகலில் பறித்து, ஆல்கஹாலில் பச்சையம் நீக்கி, வெட்டி அயோடின் இட்டால், பஞ்சென்ஸில் கற்றை உறை செல்கள் (நரம்பைச் சுற்றிய அந்த வளையச் செல்கள்) மட்டும் கருநீல வளையங்களாகத் தெரியும், செசைலிஸில் நிறம் இலையிடைத் திசு முழுவதும் பரவியிருக்கும். இலைத்துளைகளின் அடர்த்தி, பாலிசேட் அடுக்கின் (இலையின் மேற்புறத்தோலுக்கு அடியில் நெருக்கமாக நிற்கும் நீள் செல்கள்) தடிமன் ஆகியவற்றை அட்டவணையில் சேர்ப்பதாக இருந்தால், மூன்று செடிகளும் ஒரே ஒளியில் வளர்ந்தவையாகவும், இலைகள் ஒரே வரிசைக் கணுவிலிருந்து எடுத்தவையாகவும் இருக்க வேண்டும். நிழலிலை வெயிலிலையைவிட மெல்லியது என்பதால், இல்லையேல் சிற்றினத்தை அல்ல, வெளிச்சத்தையே அளந்தவர்களாவோம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நாயுருவியின் சில வெட்டுகளில் பித்தில் ஒரே கற்றைதான் தெரிகிறது. அது வேறு வகையா?

மறுமொழி 3:
வேறு வகையாக இருக்க வேண்டியதில்லை. நாயுருவியில் அவ்விரு கற்றைகளும் தண்டின் சில இடங்களில் ஒன்றாக இணைந்துவிடுவதுண்டு. ஒரு கணுவிலிருந்து அடுத்த கணு வரை தொடர்வெட்டுகள் எடுத்து வரிசையாகப் பாருங்கள். நீர்நிலையோரத்துப் பொன்னாங்கண்ணியின் தண்டு நடுவே குழலாக இருந்தாலும் அதைத் தனிப் பண்பாகக் குறிக்க வேண்டாம். ஈர நிலத்தில் வளர்வதன் விளைவாகவும் அது இருக்கலாம்.