வானொலி இரண்டு மொழியில் பேசத் தொடங்கிய நாள்: அனுபவங்களைப் பகிருங்கள்

பேர்லாண்ட், டெக்சாஸ்

ஹூஸ்டனில் 2004-ஆம் ஆண்டு இருந்தவர்களுக்கு 101.1 வானொலி நிலையம் நினைவிருக்கும். அதைப் பற்றிப் பேச ஆசை. நானே தொடங்குகிறேன்.

நவம்பர் 12, வெள்ளிக்கிழமை. தீபாவளி வாரம் என்பதால் நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு ஒரு டப்பா முறுக்கும் ரவா லட்டும் கொண்டுபோயிருந்தேன். அங்கே ஜன்னலோரம் ஒரு பழைய வானொலிப் பெட்டி உண்டு. அதன் முள்ளை யாரும் நகர்த்தியதில்லை. கேஎல்ஓஎல் நிலையம், 101.1. 1970 முதல் ராக் இசை மட்டுமே ஒலிபரப்பிய நிலையம். எங்கள் மேற்பார்வையாளர் பக்கத்து ஊரான பசடீனாவில் பிறந்தவர், பள்ளி நாட்களிலிருந்தே அதன் நேயர். காலை பத்து மணி வாக்கில் கிட்டார் ஓசை நின்று, ஒரே சீராகத் தடதடக்கும் தாளத்தோடு ஸ்பானிஷ் பாட்டு வந்தது. பெட்டி பழுதாகிவிட்டது என்று எண்ணி அவர் குமிழைத் திருகினார். முள் சரியான இடத்தில்தான் இருந்தது. நிலையத்தின் பெயர் அப்போதே ‘மெகா 101’ என்று மாறியிருந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். முப்பத்து நான்கு வருடப் பழக்கம். அன்று அவர் முகத்தைப் பார்த்த எனக்கு, அதை வெறும் பாட்டு விருப்பம் என்று ஒதுக்க இன்றுவரை மனம் வரவில்லை.

எங்களோடு ரத்தம் எடுக்கும் வேலையில் ஒரு பெண் இருந்தார். பெற்றோர் மெக்சிகோவின் மான்டெரேயிலிருந்து வந்தவர்கள், இவர் பிறந்தது ஹூஸ்டனில். சில வாரங்கள் கழித்து ஒருநாள், அறிவிப்பாளர் ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் தொடங்கி ஸ்பானிஷில் முடித்தபோது, இவர் கையிலிருந்த குழாய்த் தாங்கியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்படித்தான் பேசுவோம். இதை வானொலியில் பேசலாம் என்று எனக்குத் தெரியாது.”

இந்தப் பகிர்வைத் தொடங்கியதே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அதுவரை வானொலி வியாபாரத்தில் கணக்கு எளிது: நேயர் ஆங்கிலக்காரர் அல்லது ஸ்பானிஷ்காரர். அம்மாவிடம் ஒரு மொழியும் தம்பியிடம் இன்னொரு மொழியும் பேசுகிறவருக்கென்று ஒரு நிலையம் இல்லை. 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் ஹூஸ்டன் நகரவாசிகளில் 37 சதவீதத்தினர் லத்தீன் அமெரிக்க வழியினர். அவர்களில் எத்தனையோ பேர் இங்கேயே பிறந்து ஆங்கிலப் பள்ளியில் படித்த இளைஞர்கள். விளம்பரக்காரர்கள் தேடியதும் அவர்களைத்தான். நிலையத்தை அப்போது வைத்திருந்த கிளியர் சேனல் நிறுவனம், 2004 செப்டம்பரில் ஸ்பானிஷ் வானொலிக்கென்று அல்ஃபிரெடோ அலோன்சோவை நியமித்து, 20 முதல் 25 நிலையங்களை ஸ்பானிஷுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. லத்தீன் அமெரிக்க வழியினரைக் குறிக்கும் ‘ஹிஸ்பானிக்’, நகர்ப்புறத்தைக் குறிக்கும் ‘அர்பன்’ என்ற இரண்டு சொற்களை ஒட்டி இந்தப் பாணிக்கு ‘ஹர்பன்’ என்று பெயர் வைத்தார்கள். லாப நோக்கம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தில் நான் பார்த்தது வேறு.

அடுத்த திங்கட்கிழமை மேற்பார்வையாளர் ஒரு பை நிறையக் குறுந்தகடுகளோடு வந்தார். மதியம் வரை அவருடைய பாட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு 101.1 என்று பேசாமலே ஓர் ஏற்பாடு உண்டாயிற்று.

—

ஹில்கிராஃப்ட், ஹூஸ்டன்

அம்மா, உங்கள் ஆய்வகத்தில் ஏற்பாடாவது உண்டானது. எங்கள் உணவகச் சமையற்கட்டில் ஒரு வருடம் சண்டை.

நான் அப்போது அங்கே மேலாளர். தோசைக்கல்லில் நின்றவன் ஹோண்டுராஸ் பையன். இருபது வயது, மாவை ஊற்றி இழுப்பதில் எங்கள் ஊர் மாஸ்டர்களுக்குச் சளைத்தவன் அல்ல. பாத்திரப் பக்கம் மெக்சிகோவின் சான் லூயிஸ் பொட்டோசியிலிருந்து வந்த பெரியவர். பையனுக்கு மெகா வேண்டும். பெரியவருக்கு அக்கார்டியன் வைத்த, வட மெக்சிகோவின் நோர்டெனோ பாட்டு வேண்டும். “அது போர்ட்டோ ரிக்கோக்காரர்களின் இரைச்சல், அதில் எனக்கு என்ன இருக்கிறது?” என்பார் அவர்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மெகா ஒலிபரப்பிய ரெகேட்டோன் என்ற பாணி ஜமைக்காவின் தாளத்திலிருந்து பனாமா வழியாக வந்து போர்ட்டோ ரிக்கோவில் முழு உருவம் பெற்றது. ஹூஸ்டனில் ஸ்பானிஷ் பேசுகிறவர்களிலோ பெரும்பாலோர் மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்தவர்கள். ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டு பிடிக்கும் என்று நினைப்பது, தென்னிந்தியர் எல்லோரும் ஒரே சாம்பார் வைக்கிறார்கள் என்று நினைப்பதைப் போன்றது.

ஆனால் அந்த நிலையத்துக்கு நான் பட்ட கடன் தனி. ஸ்பானிஷ் மட்டும் பேசும் நிலையம் எனக்கு மழைச் சத்தம் போல இருக்கும். இரு மொழி கலந்த பேச்சில் ஆங்கிலப் பாதி ஸ்பானிஷ் பாதிக்குப் பொருள் சொல்லிக்கொண்டே போகும். போக்குவரத்துச் செய்தி, வானிலை, இசை நிகழ்ச்சிக்கான இலவச டிக்கெட் எல்லாம் அப்படித்தான். ஆறு மாதத்தில் சமையற்கட்டில் நான் கேட்பது சொல்வது எல்லாம் ஸ்பானிஷில் நடந்தது. பெரியவர் அப்போதுதான் முதல்முறையாக என்னிடம் தன் மகளைப் பற்றிப் பேசினார். ஊரில் விட்டுவிட்டு வந்து பதினோரு வருடம் என்றார்.

—

மேரிலாந்து

எங்கள் பக்கத்தில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2005 ஜனவரி 12. வாஷிங்டன் வட்டாரத்தில் 99.1-இல் இருந்த டபிள்யூஎச்எஃப்எஸ் என்ற ராக் நிலையம் ஸ்பானிஷுக்கு மாறி ‘எல் சோல்’ ஆயிற்று. இது இரு மொழி அல்ல, முழுக்க ஸ்பானிஷ். சல்சா, மெரெங்கே, பச்சாட்டா. எங்கள் தெருவில் கூரை வேலை செய்ய வந்த சால்வடோர்க்காரர்கள் மறுநாளே ஏணியில் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். என் மகன் அப்போது கல்லூரியில். பழைய நிலையத்தின் ஒட்டுப்படத்தைக் கார்க் கண்ணாடியிலிருந்து அவன் கடைசிவரை எடுக்கவே இல்லை.

—

சான் அன்டோனியோ

எல்லோரும் 2004-இல் ஏதோ புதிதாகப் பிறந்ததுபோல எழுதுகிறீர்கள். பணிவோடு மறுக்கிறேன். இந்த ஊரில் ராவுல் கோர்ட்டெஸ் 1946-இல் கேசிஓஆர் நிலையத்தைத் தொடங்கினார். லத்தீன் அமெரிக்க வழியினர் ஒருவர் சொந்தமாக வைத்து முழுநேரமும் ஸ்பானிஷில் நடத்திய முதல் நிலையம் அதுதான்.

இரு மொழிப் பாட்டும் பழையது. சான் பெனிட்டோவில் பிறந்த ஃப்ரெடி ஃபெண்டர் ‘பிஃபோர் த நெக்ஸ்ட் டியர்ட்ராப் ஃபால்ஸ்’ பாட்டின் ஒரு பகுதியை ஆங்கிலத்திலும் ஒரு பகுதியை ஸ்பானிஷிலும் பாடினார். பதிவானது உங்கள் ஹூஸ்டனில்தான். 1975-இல் அமெரிக்காவின் கண்ட்ரி இசைத் தரவரிசையிலும் பொதுவான பாப் தரவரிசையிலும் அது முதலிடம் பிடித்தது. எந்த ஆலோசகரும் அதற்கு ஒரு பாணிப் பெயர் வைக்கவில்லை.

டெக்சாஸ் பாடகி செலினாவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த பெண். ஸ்பானிஷ் பாட்டுகளை முதலில் ஒலியாக மனப்பாடம் செய்து பாடி, பிறகுதான் மொழியைக் கற்றார். 1995 பிப்ரவரியில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் 60,000-க்கும் மேற்பட்டவர்கள் முன்னால் பாடினார். அடுத்த மாதமே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இருபத்து மூன்று வயது. என் பேத்தி தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் நினைவு வரும். பாட்டு முதலில் வாயில் நுழைகிறது. பொருள் பிறகு வருகிறது. அதில் குறை ஒன்றும் இல்லை.

—

பேர்லாண்ட், டெக்சாஸ்

சான் அன்டோனியோ ஐயா, நீங்கள் அந்தப் பாட்டைச் சொன்னதால் மீதியையும் எழுதிவிடுகிறேன்.

ரெகேட்டோன் அலை சில ஆண்டுகளில் தணிந்தது. அதை நம்பி மாறிய நிலையங்களில் பல மறுபடியும் வேறு பாணிக்குப் போயின. ஹூஸ்டன் மெகா நிலைத்து நின்றது. 2009-இல் நிலையம் வேறு நிறுவனத்தின் கைக்குப் போன பிறகும் அந்தப் பெயர் தொடர்ந்தது.

எங்கள் மேற்பார்வையாளர் ஓய்வு பெற்ற நாளில் ஆய்வகத்தில் கேக் வெட்டினோம். ரத்தம் எடுக்கும் அந்தப் பெண் ஃபெண்டரின் பாட்டைப் போட்டார். ஆங்கிலப் பகுதியை மேற்பார்வையாளர் பாடுவார், ஸ்பானிஷ் பகுதியைத் தான் பாடலாம் என்று நினைத்திருந்தார் போலும். ஆங்கிலம் முடிந்தது. இவர் வாயைத் திறப்பதற்குள், ஜன்னலோரம் நின்றிருந்த அந்த மனிதர், 1975-இல் கேட்டுப் பதிந்த ஸ்பானிஷ் வரிகளை ஓர் எழுத்துத் தவறாமல் பாடத் தொடங்கினார்.