டொராண்டோவில் சேல்ஸ் இன்ஜினியர் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

பல ஆண்டுகள் நிரல் எழுதிவிட்டு, டொராண்டோவுக்கு வந்து சேல்ஸ் இன்ஜினியர் வேலைக்கு (விற்பனைக் குழுவோடு சேர்ந்து, மென்பொருளின் தொழில்நுட்பத்தை வாடிக்கையாளருக்கு விளக்கும் வேலை) முயலும் நம்மவர்கள், நான் பார்த்தவரை, மென்பொருளை இயக்கிக் காட்டும் டெமோ சுற்றில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்தச் சுற்றில் நிறுவனத்தின் ஆட்களே வாடிக்கையாளராக நடிப்பார்கள்: ஒருவர் நிதிப் பொறுப்பாளர், ஒருவர் ஐடி பிரிவின் தலைவர், இன்னொருவர் அந்த மென்பொருளை நாள்தோறும் பயன்படுத்தப் போகிறவர். என் முதல் தேர்வில், கொடுத்த 40 நிமிடங்களில் 35-ஐத் திரை திரையாகக் காட்டுவதிலேயே செலவிட்டேன். எவரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதனால்தான் வேலை கிடைக்கவில்லை என்று ஆள்சேர்ப்பு அலுவலர் பின்னர் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார். அவருக்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன்.

ஆகவே முதல் 10 நிமிடங்களைக் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். அந்த வேலையை இப்போது எப்படிச் செய்கிறார்கள், எங்கே நேரம் வீணாகிறது, வாங்குவதை முடிவு செய்பவர் யார், எப்போதைக்குள் தேவை என்று கேட்டறிந்து, அவர்கள் சொன்ன சிக்கலைத் தீர்க்கும் இரண்டு மூன்று வசதிகளை மட்டும் காட்டுங்கள். இடையில் வேண்டுமென்றே கடினமான கேள்வி ஒன்றை எழுப்புவார்கள்: "எங்கள் பழைய எஸ்ஏபி அமைப்போடு இது இணையுமா?" (எஸ்ஏபி என்பது நிறுவனங்கள் கணக்கு, கொள்முதல் போன்றவற்றுக்குப் பயன்படுத்தும் மென்பொருள்.) தெரியாததற்குத் தலையாட்டிவிடாதீர்கள். "உறுதியாகச் சொல்ல முடியவில்லை, எந்தப் பதிப்பு என்று சொன்னால், எங்கள் பொறியாளர்களிடம் கேட்டு நாளைக்குள் எழுதுகிறேன்" என்பது மதிப்பைக் கூட்டும் பதில். விற்பதற்காகச் சொன்ன பொய்யான "ஆம்" ஒப்பந்தத்துக்குப் பிறகு எவ்வளவு சேதம் செய்யும் என்பதை எதிரில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள்.

சம்பளப் பேச்சில் ஓடிஇ என்பார்கள். விற்பனை இலக்கை முழுதாக எட்டினால் ஆண்டுக்குக் கிடைக்கும் மொத்தத் தொகை அது. 1,40,000 டாலர், 80-க்கு 20 என்ற விகிதம் (80 விழுக்காடு நிலையான சம்பளம், 20 விழுக்காடு இலக்கை எட்டினால் வருவது) என்றால், உறுதியாக வருவது 1,12,000 மட்டுமே. வாடகைக் கணக்கை அந்தத் தொகையை வைத்தே போடுங்கள். இலக்கு தனியாளுக்கா குழுவுக்கா, சென்ற ஆண்டு எத்தனை பேர் எட்டினார்கள் என்றும் கேளுங்கள்.

ஒன்டாரியோவில் 2026 ஜனவரி 1 முதல், 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் ஊதிய வரம்பைக் குறிப்பிட வேண்டும். ஆண்டுக்கு 2,00,000 டாலருக்கு மேற்பட்ட பதவிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விளம்பரத்தில் கனடிய அனுபவத்தைத் தகுதியாகக் கேட்கவும் கூடாது. நேர்முகத்துக்கு வந்தவருக்கு, கடைசி நேர்முகத்திலிருந்து 45 நாட்களுக்குள், முடிவு எடுக்கப்பட்டதா என்பதைத் தெரிவித்தாக வேண்டும். அந்தக் கெடு கடந்தும் பதில் வராவிட்டால், தயங்காமல் மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்.