38 வயதில் ஈட்டி எறியப் பழகலாமா? முழங்கால் ஒப்பரேஷன் செய்தது, தோளிலும் நோ

வலைப்பந்துக்காரி (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 38 வயது. பள்ளிக்கூடத்திலயும் பிறகு அலுவலக அணியிலயும் வலைப்பந்து விளையாடினனான், கோல் டிஃபென்ஸ். ஒரு மேட்சில பந்தைப் பிடிச்சுக்கொண்டு இடது காலில இறங்கேக்க முழங்கால் திரும்பி, முழங்காலுக்குள்ள இருக்கிற ஏசிஎல் எண்ட நார் அறுந்துபோச்சு. ஒப்பரேஷன் செய்து, பிசியோவுக்கு அலைஞ்சு, இப்ப படி ஏறுறன், காலிமுகத்திடலில மெதுவா ஓடுறன். டொக்டர் வலைப்பந்து மட்டும் இனி வேண்டாம் எண்டிட்டார்.

மற்றது வலது தோள். இதுதான் எனக்குக் கவலை. விழுந்து அடிபட்டு வந்ததில்லை, வருசக்கணக்கா கையை மேல நீட்டி நீட்டிப் பந்து தடுத்ததால வந்தது. ஸ்கேனில தசைநாரில வீக்கம் எண்டவை, கிழிவு இல்லை. சும்மா கை தூக்க நோகாது. ஆனா 100 ஆம் நம்பர் பஸ்ஸில மேல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு கோட்டை வரைக்கும் நிண்டு போனால் அண்டைக்கு இரவு அந்தப் பக்கம் சரிஞ்சு படுக்க ஏலாது. உடுப்புக் காயப் போடேக்க சில நாள் சுள் எண்டும். பிசியோ தந்த ரப்பர் பட்டி இருக்கு, நோ வந்தால்தான் எடுப்பன்.

ஏன் ஈட்டி எண்டு கேப்பீங்கள். ஹாங்சோ ஆசிய விளையாட்டில, 2023 இல, எங்கட நதீஷா டில்ஹானி லேகம்கே 61.57 மீட்டர் எறிஞ்சு வெள்ளி எடுத்ததைப் பார்த்ததிலயிருந்து மண்டைக்குள்ள நிக்குது. அவவின்ர தூரம் இல்லை, எறிய முந்தி எடுத்து வைக்கிற அந்தக் கடைசி நாலைஞ்சு அடி. அதோட ஈட்டியில ஒருத்தரும் வந்து மோத மாட்டினம், குதிச்சு இறங்கத் தேவையில்லை, தனிய நிண்டு எறியலாம். மாஸ்டர்ஸ் போட்டிகள் 35 வயதிலயிருந்தே இருக்குதாம்.

என்ர கேள்வி: இந்தத் தோள் தாங்குமா? எத்தினை கிராமில துவங்கிறது? கொழும்பில வளந்த ஆக்களுக்கு எங்க எறிய விடுவினம்? யோகா செய், நீந்து எண்டு சொல்ல வாறாக்கள் தயவுசெய்து வேண்டாம். என்ர அம்மா அதெல்லாம் சொல்லி முடிச்சிட்டா.


நடந்தால் காணும்

தங்கச்சி, யோகா எண்டு சொல்லேல்லை. ஆனா ஒப்பரேஷனுக்குக் குடுத்த காசை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. இந்த வயதில புதுசா ஒரு காயம் வந்தால் லீவு ஆர் தருவினம்? பின்னேரத்தில ரயில் பாதையைக் கடந்து கடற்கரையில நடவுங்கோ.


பழைய ஈட்டிக்காரன் (கொட்டாஞ்சேனை)

பிள்ளை, நான் முந்தி பாடசாலைப் பிள்ளைகளுக்கு எறிதல் பழக்கின ஆள். குண்டு, பரிதிவட்டம், ஈட்டி மூண்டும். எங்கட காலத்தில மூங்கில் ஈட்டிதான், நுனி கழண்டு புல்லுக்குள்ள போய்விடும், தேடுற நேரம் எறியிற நேரத்தைவிடக் கூட. அது கிடக்கட்டும்.

தோளைப் பற்றி அவ்வளவு எழுதின நீர் முழங்காலை இரண்டு வரியில முடிச்சிட்டீர். ஈட்டியில நிலைமை மறுவளம். நீர் வலக்கைக்காரி எண்டால், எறியேக்க முன்னுக்கு ஊண்டுற கால் இடது. ஒப்பரேஷன் செய்த அதே கால். "குதிச்சு இறங்கத் தேவையில்லை" எண்டு எழுதினதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, கோவிக்க வேண்டாம். ஓடி வாற வேகம் முழுக்க அந்த இடது குதிக்கால் நிலத்தில படுற இடத்திலதான் நிக்குது. ஓடுற சைக்கிளின்ர முன் பிரேக்கை மட்டும் பிடிச்சால் பின்பக்கம் எழும்புமே, அந்த வேலைதான். கால் நிமிந்து நிண்டால் இடுப்பு அதுக்கு மேலால முன்னுக்குத் திரும்பும், பிறகு நெஞ்சு, பிறகு தோள், முழங்கை, கடைசியிலதான் கை. கை சவுக்கின்ர நுனிதான், சவுக்கை ஓட்டுறது கால்.

இப்ப உம்மட முழங்கால் பயத்தில மடங்குது எண்டு வையும். ஓடி வந்த வேகம் அங்கேயே கரைஞ்சு போயிடும். ஆனா மனம் விடாது, தூரம் வேணும். அந்தக் குறையை ஆர் ஈடுகட்டுறது? தோள். அதனால உமக்கு ரண்டு பிரச்சினை இல்லை, ஒரு பிரச்சினைதான். இடது கால் பலமா இருந்தால் வலது தோள் பிழைச்சுக்கொள்ளும். கால் பலமில்லாமல் தோளுக்கு மட்டும் பட்டி இழுத்துக்கொண்டிருந்தால் அடுத்த வருசமும் இங்க வந்து இதே கேள்வியைத்தான் கேப்பீர்.

எப்பிடித் துவங்கிறது எண்டால், ஈட்டியைத் தொடாமல். ஒரு கிலோ மெடிசின் பந்தை, பயிற்சிக்குப் பாவிக்கிற பாரப் பந்தை, ரண்டு கையாலும் தலைக்குப் பின்னால கொண்டுபோய், இடது காலை முன்னுக்கு ஊண்டி, நிண்ட நிலையில எறியும். உதைபந்தாட்டக்காரர் கோட்டுக்கு வெளியிலயிருந்து பந்தை உள்ளுக்குப் போடுவினமே, அந்த எறிதான். கை பிந்தி வரோணும், இடுப்பு முந்தோணும். இது சலிப்பா இருக்கும். பொடியள் இதிலதான் ஓடிப்போறவங்கள். சலிச்சாலும் செய்யும்.

பிறகு ஒரு கையால சின்னப் பாரப் பந்து. அதுக்குப் பிறகுதான் ஈட்டி, அதுவும் நிண்ட இடத்திலயிருந்து, உமக்கு முன்னால கொஞ்சத் தூரத்தில புல்லில நுனி குத்துற மாதிரி. தூரம் பார்க்க வேண்டாம். குத்தின ஈட்டியின்ர வால் உம்மை நோக்கி நேரா நிக்குதா, பக்கத்துக்குச் சரிஞ்சு நிக்குதா எண்டு பாரும், அதிலயே கை எந்தப் பாதையில போனது எண்டு தெரிஞ்சிடும். இது வடிவா வந்த பிறகு நடந்து மூண்டடி, பிறகு குறுக்கடி, பக்கவாட்டில திரும்பி ஒரு காலை மற்றதுக்குக் குறுக்க வைச்சு வாறது. ஓடுபாதை 30 மீட்டர் இருக்கு எண்டு அதை முழுக்கப் பாவிக்கோணும் எண்டு சட்டமில்லை.

முழங்கையைத் தோளுக்குக் கீழ இறங்க விடாதையும். கிரிக்கெட்டில பக்கவாட்டில வீசுற கை வந்தால் முழங்கையின்ர உள்பக்க நாருக்குத்தான் அடி. இந்தியாவின்ர ஒலிம்பிக் ஈட்டிக்காரர் நீரஜ் சோப்ராவே 2019 இல முழங்கை ஒப்பரேஷன் செய்தவர். 2020 ஜனவரியில தென்னாபிரிக்காவில 87.86 மீட்டர் எறிஞ்சு ஒலிம்பிக்குக்குத் தகுதி எடுத்தவர், உண்மை. அவருக்குப் பின்னால ஒரு படையே நிண்டது. உமக்குப் பின்னால அம்மா மட்டும்.

பிடிக்கிறதில மூண்டு வகை இருக்கு. உமக்கு நான் சொல்லுறது, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில ஈட்டியை விட்டு, கயிறு சுத்தின இடத்தின்ர பின் விளிம்பில ரண்டு விரலையும் கொளுவுற பிடி. பெரிய எறிகாரர் கனபேர் நடுவிரல் பிடிதான் பிடிப்பினம். ஆனா இதில மணிக்கட்டு நேரா இருக்கும், முழங்கைக்கும் இதமா இருக்கும்.

பாரம்: பெண்களுக்குப் போட்டியில 600 கிராம், நீளம் 2.2 இலயிருந்து 2.3 மீட்டர். மாஸ்டர்ஸிலயும் 49 வயது வரைக்கும் அதேதான், 50 க்குப் பிறகு 500. பழகிறதுக்கு 400 எடும். ஈட்டியள் இத்தினை மீட்டர் எறியிறவைக்கு எண்டு தரம் பிரிச்சு வரும். எழுபது மீட்டர் ஈட்டி ஒண்டு மலிவா வருது எண்டு வாங்கிப்போடாதையும். அது விறைப்பு, நீர் கொஞ்சம் கோணலா எறிஞ்சாலும் நடுக்கம் நேர முழங்கைக்கு வரும். சப்பாத்துக்கு, புல்லில எண்டால் உதைபந்து பூட்ஸ் காணும்.


வலைப்பந்துக்காரி

ஐயா, ஓம், வலக்கைதான், ஒப்பரேஷன் இடது காலில. வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் எழும்பேல்லை. மண்டபத்தில ஒரு தும்புத்தடியை எடுத்து நிண்டு பார்த்தன், நீங்கள் சொன்ன மாதிரி இடது முழங்கால் தானா மடங்குது. நான் மடக்கேல்லை, அதுவா மடங்குது.

ஒரு விசர்க் கேள்வி: இடக்கையால எறியப் பழகினால் என்ன? அப்ப ஊண்டுற கால் வலது, நல்ல கால். தோளும் இடது, நோவில்லாத தோள். எப்பிடியும் நான் பூச்சியத்திலயிருந்துதானே துவங்கிறன்.

நடந்தால் காணும் அண்ணை, லீவு இன்னும் மிச்சம் இருக்கு.


நோ எங்க? (பிசியோ, தெஹிவளை)

அக்கா, உங்களை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன், அதனால் இதைக் காட்டி உங்கள் பிசியோவிடமே ஒருமுறை கேளுங்கள்.

இடக்கை யோசனை விசர் இல்லை. ஆனால் பின்கால் சும்மா நிற்காது. இடக்கையால் எறிந்தால் உங்கள் இடது முழங்கால்தான் மடங்கித் திரும்பி உடம்பை முன்னுக்குத் தள்ள வேண்டும். ஏசிஎல் அறுந்ததும் ஒரு திருப்பத்தில்தானே? ஆகவே கையை மாற்றினாலும் அந்த முழங்காலை ஏமாற்ற முடியாது. மெடிசின் பந்து, சின்னப் பந்து எல்லாம் இரண்டு கையாலும் எறியுங்கள், முதுகுக்கு நல்லது. ஈட்டியை வலக்கையால் பழகுவதே சுலபம் என்று நினைக்கிறேன்.

முழங்கால் தயாரா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒற்றைக் காலில் முன்னுக்குத் துள்ளி அதே காலில் அசையாமல் நில்லுங்கள், தூரத்தை அளவுங்கள். இடது காலின் தூரம் வலதின் 90 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் ஓடி வந்து எறிவதைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். தொடைத் தசையின் பலத்துக்கும் அதே கணக்கு. படி ஏறுவதும் மெதுவாக ஓடுவதும் இதற்குச் சான்றிதழ் இல்லை. நிறையப் பேர் அந்த இடத்தில் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள், நோ போய்விட்டது என்று. உங்கள் முழங்கால் தானாக மடங்குவது பயமாக இருக்கலாம், தொடைத் தசை இன்னும் முழுதாக வராததாகவும் இருக்கலாம். அளந்தால்தான் தெரியும்.

ஐயா "கால் நிமிர்ந்து" என்று எழுதியதை முழங்காலைப் பூட்டிவிடச் சொன்னதாக எடுக்க வேண்டாம். பின்பக்கமாக வளையும் அளவுக்கு நீட்டி ஊன்றினால் அது வேறு கதை. இறுக்கமாக, மயிரிழை மடிப்போடு. நடந்து வந்து எறியும் வரை இது பெரிய பாரம் இல்லை.

தோளுக்கு: ஈட்டி கையை விட்ட பிறகு கையை நிறுத்துகிற வேலை தோளின் பின்பக்கச் சின்னத் தசைகளுக்கு. உங்களுக்கு நோவு இருப்பது அந்தக் கூட்டத்தில்தான். பட்டியை நோ வரும்போது மட்டும் எடுத்தால் பயனில்லை, நோ இல்லாத நாளில்தான் அதற்கு வேலை. முழங்கையை விலாவோடு வைத்து வெளிப்பக்கம் இழுக்கிறது, பிறகு கையைத் தோள் உயரத்தில் வைத்து அதே இழுப்பு. மேல்முதுகையும் பாருங்கள். நாள் முழுக்க கம்பியூட்டருக்கு முன்னால் கூனி இருக்கிற முதுகு பின்னால் வளையாது. அது வளையாவிட்டால் தோள் தன் அளவை மீறிப் பின்னால் போகும்.

எறிந்த அன்று நோவைக் கணக்கெடுக்காமல் அடுத்த நாள் காலையைப் பாருங்கள். முழங்கால் வீங்கியிருந்தால், தோள் இரவு எழுப்பினால், எறிந்தது கூடிவிட்டது. துவக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள்கூட வேண்டாம், இடையில் இரண்டு நாள் விடுங்கள்.

உதைபந்து பூட்ஸ் விஷயத்தில் ஐயாவோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அடிக்கட்டைகள் புல்லில் பிடித்துக்கொள்ளும், பாதம் நிற்கும், உடம்பு திரும்பும். இந்த முழங்காலுக்கு அது வேண்டாம்.


138 பயணி (மகரகம)

அக்கா, இடம் பற்றி மட்டும். ஒழுங்கான எறிதளம் எண்டால் சுகததாச அரங்கு, இல்லாட்டி ஹோமாகம பக்கம் தியகம மைதானம். ரெண்டிலயும் தனியாளா ஈட்டியோட போய் நிண்டா கதவிலேயே கேப்பாங்க, ஒரு கழகத்தோட அல்லது கோச்சோட போறதுதான் லேசு. காலிமுகத்திடல், பார்க், கடற்கரை எதிலயும் ஈட்டி வேணாம். பட்டம் விடுற பிள்ளை எந்தப் பக்கத்தால ஓடி வரும் எண்டு தெரியாது. பந்து எறியலாம்.

ஈட்டியைக் கொண்டுபோறதையும் யோசிங்க. ரெண்டு மீட்டருக்கு மேல, ஓட்டோவில வச்சா ரெண்டு பக்கமும் வெளியில நீட்டும். பின்னேரம் 138 இல ஏறினா கொண்டக்டர் என்ன சொல்லுவார் எண்டு நான் எழுதேல்லை. மைதானத்து ஸ்டோரிலேயே வச்சிட்டு வர ஏலுமா எண்டு கேளுங்க. குத்தி நிக்கிற ஈட்டியை எடுக்க ஓட வேணாம், நடங்க. வால்பக்கம் கண் உயரத்துக்கு வரும், பின்னால ஆள் நிக்கேக்க வெடுக்கெண்டு இழுக்கவும் வேணாம்.


பழைய ஈட்டிக்காரன்

பிசியோப் பிள்ளை சொன்ன துள்ளல் சோதனையைச் செய்யும், நல்ல விசயம். பூட்ஸ் பற்றி நான் விட்டுக்குடுக்கேல்லை. நனைஞ்ச புல்லில சாதாரணச் சப்பாத்தோட அந்த இடது குதி வழுக்கினால் அது அதைவிட மோசம். சரி, உமக்காக ஒண்டு சொல்லுறன்: மழை பெய்த பின்னேரங்களில எறிய வேண்டாம், காய்ஞ்ச நிலத்தில ஓடுற சப்பாத்தோட, நிண்ட எறி மட்டும். ஓடி எறியிற காலம் வரேக்க, குதியிலயும் ஆணி இருக்கிற ஈட்டிச் சப்பாத்தைப் பற்றிக் கதைப்பம்.


வலைப்பந்துக்காரி

துள்ளிப் பார்த்தன். தங்கச்சி அளவுநாடாவோட நிண்டவ. வலது 118 சென்ரிமீற்றர், இடது 94. இது 80 சதவீதம் வரைக்கும்தான் வருது, அப்ப ஓட்டம் இல்லை. பிசியோவுக்குத் திங்கள் நேரம் எடுத்திருக்கிறன், தொடைக்கு என்ன செய்யிறது எண்டு கேக்க. பந்து எறியிறதை அதுவரைக்கும் துவங்கலாம்தானே? ஒரு கிலோ மெடிசின் பந்து கொழும்பில எந்தக் கடையில கிடைக்கும்?


பழைய ஈட்டிக்காரன்

துவங்கும், நிண்ட நிலையில. கடைக்கு அலையாதையும். பழைய வலைப்பந்து ஒண்டு வீட்டில கிடக்கும்தானே, வாயை வெட்டி, காய்ஞ்ச மணலைப் பையில கட்டி உள்ளுக்கு வைச்சு, தராசில ஒரு கிலோ பார்த்துத் தைச்சு எடும். மிச்ச இடத்துக்குப் பழந்துணியை அடையும், மணல் ஒரு பக்கம் ஓடாது.