2024-இல் வந்த கருவிகளில் எது காசுக்குத் தகும், எது தண்டம்?

கேள்வி (நெய்தல்):
"ஆண்டின் சிறந்தவை" பட்டியல்கள் பெரும்பாலும் பொருள் கடைக்கு வந்த சூட்டோடு எழுதப்படுகின்றன. 2024-இல் வந்தவற்றைக் கொஞ்சம் காலம் போனபிறகு எடைபோட்டால் எது தேறும், எது தேறாது? ஃபோன், லேப்டாப் வேண்டாம், மற்றவை போதும். காரணத்தோடு சொல்லுங்கள். வாங்குமுன் எதைச் சோதிக்கலாம் என்பதும் தெரிந்தால் நல்லது.

பதில் (தாழ்வாரம்):
தண்டத்தில் முதலிடம் ஹியூமேன் ஏஐ பின், அதாவது குரலில் கேட்டால் செயற்கை நுண்ணறிவு பதில் சொல்லும் கருவி. ஏப்ரல் 2024-இல் 699 டாலருக்கு வந்தது. அதற்கு மேல் மாதம் 24 டாலர் சந்தா. சட்டையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். திரை கிடையாது, உள்ளங்கையை நீட்டினால் பச்சை லேசரில் எழுத்து விழும். நல்ல வெயிலில் அந்த எழுத்தைப் படிக்க முடியாது. கேட்கும் கேள்வி நிறுவனத்தின் தொலைதூரக் கணினியான சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்ததால் சின்ன விஷயத்துக்கும் பல வினாடி காத்திருக்க வேண்டும். ஜூன் மாதம், சார்ஜிங் பெட்டியின் பேட்டரியில் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது, பயன்படுத்தாதீர்கள் என்று நிறுவனமே அறிவித்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிப்ரவரி 2025-இல் ஹெச்பி அந்த நிறுவனத்தின் பெரும்பகுதிச் சொத்துகளை 116 மில்லியன் டாலருக்கு வாங்கியது. 28-ஆம் தேதியோடு சர்வரை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் வேலை செய்யும் வசதிக்கு உதாரணமாக அவர்கள் சொன்னது, பேட்டரி அளவு பார்ப்பது! வாங்கி 90 நாள் தாண்டாதவர்களுக்கு மட்டும்தான் பணம் திரும்பியது. வாங்கியவர்களுக்கு இது அநியாயம்.

காரில் பாட்டை மாற்ற ஸ்பாட்டிஃபை விற்ற கார் திங் கருவியும் இதே வழிதான். டிசம்பர் 9, 2024 அன்று எல்லாக் கருவிகளையும் முடக்கினார்கள். டயலும் திரையும் நன்றாகவே இருந்தன. பழுது எதுவும் இல்லை.

சோதிக்கும் முறை: ஸ்மார்ட் பல்ப், பிளக், கேமரா எதை வாங்கினாலும், கடை திருப்பி எடுக்கும் கெடுவுக்குள் இதைச் செய்யுங்கள். ரவுட்டரை அணைக்காமல், அதற்குள் வரும் இணைய கேபிளை மட்டும் கழற்றுங்கள். ஃபோனில் டேட்டாவை நிறுத்தி, வைஃபையில் மட்டும் வையுங்கள். இப்போது ஆப் வழியே விளக்கு எரிந்தால் அந்தக் கருவி வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்கிறது. "ஆஃப்லைன்" என்று காட்டினால், நிறுவனத்தின் சர்வர் இருக்கும்வரைதான் அதற்கு ஆயுள். பெட்டியில் மேட்டர் (Matter, பல நிறுவனங்களின் ஸ்மார்ட் கருவிகளுக்குப் பொதுவான தரம்) முத்திரை இருந்தால் அடிப்படைக் கட்டளைகள் வீட்டு நெட்வொர்க்கிலேயே நடக்கும்.

பதில் (செவ்வந்தி):
நல்லதில் என் தேர்வு 2024-இல் வந்த பொருளே அல்ல. ஆப்பிளின் வயரில்லா இயர்ஃபோனான ஏர்பாட்ஸ் ப்ரோ 2 வந்தது 2022-இல். அதைக் காது கேட்கும் கருவியாக மாற்றும் மென்பொருளுக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ செப்டம்பர் 2024-இல் அனுமதி தந்தது. அக்டோபர் இறுதியில் ஐஃபோன் மென்பொருளான ஐஓஎஸ் 18.1-உடன் வந்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குக் கூடுதல் செலவு இல்லை. இந்தியாவில் அப்போது இந்த வசதி பூட்டப்பட்டிருந்தது. பெங்களூரு இளைஞர்கள் சிலர் சிக்னல் புகாத பெட்டி ஒன்றைச் செய்து, உள்ளே வைத்த ஐபேடை அமெரிக்காவில் இருப்பதாக நம்பவைத்து, பாட்டிகளுக்காகத் திறந்துகொண்டார்கள்!

செய்யும் முறை: ஐஃபோனின் செட்டிங்ஸில் ஏர்பாட்ஸ் பெயரைத் தொட்டால் செவிச் சோதனை வரும். ஐந்து நிமிட வேலை. மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் திரையைத் தொட வேண்டும். மின்விசிறியையும் டிவியையும் நிறுத்திவிடுங்கள். சளி இருக்கும்போதும், கல்யாண மேளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மறுநாளும் செய்யாதீர்கள், முடிவு தப்பாக வரும். காதில் சரியாகப் பொருந்தவில்லை என்று சொன்னால், பெட்டியில் உள்ள நான்கு அளவு ரப்பர் முனைகளை மாற்றிப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை.

முடிவு டெசிபலில் வரும். 25 வரை குறைபாடு இல்லை என்று கொள்ளலாம். 26 முதல் 40 லேசானது, 41 முதல் 60 நடுத்தரம். இந்த இரண்டு நிலைகளுக்கும், 18 வயது நிறைந்தவர்களுக்கும் மட்டுமே இந்தக் காது கருவி வசதி.

பதில் (ஆடிக்காற்று):
செவ்வந்தி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரு சார்ஜில் சுமார் 6 மணி நேரம்தான் வரும். வழக்கமான காது கருவி காலை முதல் இரவு வரை தாங்கும். எனவே கூட்டம், தொலைபேசி, டிவிக்கு இது சரி. நாள் முழுக்க வேண்டியவருக்குப் போதாது. ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானாலோ, வலியோ சீழோ இருந்தாலோ இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு நாள் தள்ளத் தள்ள மருந்து பலிப்பது குறையும்.

இன்னொரு நல்ல காரியம்: டிசம்பர் 28, 2024 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்கும் ஃபோன், டேப்லெட், கேமரா, ஹெட்ஃபோன் எல்லாவற்றுக்கும் யூஎஸ்பி சி கட்டாயம்.

நெய்தல்:
ஒரு டார்ச் லைட். சி துளைதான். பழைய சார்ஜரில் ஏறுகிறது, இரண்டு முனையும் சி உள்ள கேபிளில் ஏறவில்லை. கேபிள் பழுதா?

ஆடிக்காற்று:
கேபிள் மேல் தப்பில்லை. சி துளைக்குள் சிசி1, சிசி2 என்று இரண்டு முனைகள் உண்டு. மின்சாரம் வாங்கும் கருவி, ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் (மின்தடை) வைத்திருக்க வேண்டும். அதை உணர்ந்த பிறகுதான் சி சார்ஜர் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். மலிவான டார்ச், ட்ரிம்மர்களில் சில காசு மிச்சம் பிடிக்க அந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். பழைய ஏ சார்ஜர் (அகலமான, தட்டையான யூஎஸ்பி துளை உள்ளது) யாரையும் கேட்காமல் 5 வோல்ட் தருவதால் அதில் ஏறிவிடும். ஏ-சி கேபிள் ஒன்றை அந்த டார்ச்சோடு கட்டியே வையுங்கள். அடுத்தமுறை வாங்கும்போது, கடையிலேயே சி-சி கேபிளில் செருகி சார்ஜ் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.