உதவி தேவை: அயர்லாந்து ஜெயிச்சும் என் தரவரிசைக் கணக்குல புள்ளி குறையுது (சனிக்கிழமை ஆட்டத்துக்குள்ள சரி பண்ணணும்)

டப்ளின்_குமரன் | 20 செப்டம்பர் 2023, புதன் காலை

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை பாரிஸ்ல அயர்லாந்தும் தென்னாப்பிரிக்காவும் மோதுது. உலகத் தரவரிசையில ஒண்ணாவது இடமும் ரெண்டாவது இடமும். ரக்பி உலகக் கோப்பையில இந்த ரெண்டு அணியும் நேருக்கு நேர் வர்றது இதுதான் முதல் தடவை. அயர்லாந்து தொடர்ச்சியா 15 ஆட்டம் ஜெயிச்சிருக்கு. டப்ளின்ல பஸ்ஸுல, கடையில, ஆபீஸ்ல எங்க போனாலும் இதே பேச்சுதான்.

ஆட்டத்தைச் சேர்ந்து பார்க்கப்போற நண்பர்களுக்காக ஒரு எக்செல் தாள் தயார் பண்றேன். அவங்கவங்க எதிர்பார்க்கிற ஸ்கோரைப் போட்டா, அடுத்து தரவரிசை எப்படி மாறும்னு அது காட்டணும். உலகக் கோப்பை தொடங்கும்போது இருந்த புள்ளிகளை முதல்ல வெச்சிருக்கேன்: அயர்லாந்து 91.82, தென்னாப்பிரிக்கா 91.08, பிரான்ஸ் 89.22, நியூசிலாந்து 89.06, ஸ்காட்லாந்து 84.01.

சூத்திரம் இப்படி: ஜெயிச்ச அணியோட புள்ளியில இருந்து தோத்த அணியோட புள்ளியைக் கழிச்சு 10-ஆல வகுக்கணும். வர்றதை 1-ல இருந்து கழிக்கணும். ஸ்கோர் வித்தியாசம் 15 இருந்தா 1.5 மடங்கு. உலகக் கோப்பைங்கிறதால அதையும் ரெண்டு மடங்கு. மிச்சம் வர்றது ஜெயிச்ச அணிக்குக் கூடும், அதே அளவு தோத்த அணிக்குக் குறையும்.

பிரச்சினை என்னன்னா, அயர்லாந்து ருமேனியாவை 82-8-னு அடிச்சதைப் போட்டா அயர்லாந்துக்குப் புள்ளி குறையுது, ருமேனியாவுக்கு ஏறுது! டோங்காவை 59-16-ல ஜெயிச்சதுக்கும் அதே கதை. அந்த ஆட்டங்களை நீக்கிட்டுப் பார்த்தா தென்னாப்பிரிக்கா 91.96-னு முதலிடத்துக்கு வந்துடுது. ஆனா அதிகாரபூர்வப் பட்டியல்ல அயர்லாந்துதான் முதல். எங்க தப்புன்னு யாராச்சும் பார்த்துச் சொல்லுங்களேன்.

இன்னொரு சந்தேகம். நேத்து தென்னாப்பிரிக்கா அணியை அறிவிச்சாங்க. பெஞ்ச்ல (மாத்து ஆட்டக்காரங்கள்ல) ஏழு ஃபார்வர்ட் (முன்னால மோதித் தள்ளுறவங்க), ஒரே ஒரு பேக் (பின்னால நின்னு ஓடி, உதைச்சு ஆடுறவர்). பேக் ரெண்டு பேருக்கு அடிபட்டா என்ன செய்வாங்க?

---

அடையாறு_ரவி | புதன் மதியம்

குமரன், சூத்திரத்தோட எலும்புக்கூடு சரியாத்தான் இருக்கு. ரெண்டு வேலிதான் விட்டுப்போச்சு.

முதல் வேலி, ரெண்டு அணிக்கும் உள்ள புள்ளி இடைவெளி எவ்வளவு பெரிசா இருந்தாலும் கணக்குக்கு 10-தான் உச்சவரம்பு. அயர்லாந்துக்கும் ருமேனியாவுக்கும் இடையில 20-க்கு மேல இருக்கு. அதை அப்படியே 10-ஆல வகுத்து 1-ல இருந்து கழிச்சா மைனஸ்ல போகும், ஜெயிச்சவனுக்கே தண்டனை விழும். இடைவெளி 10-னு நிறுத்திட்டா 1 − 1 = 0. அதாவது பெரிய அணி சின்ன அணியை எவ்வளவு அடிச்சாலும் ஒரு புள்ளியும் கிடையாது. அயர்லாந்துக்கு அந்த ரெண்டு ஆட்டத்துலயும் கிடைச்சது பூஜ்யம்தான், அதனாலதான் இன்னும் அதே 91.82. தென்னாப்பிரிக்கா ருமேனியாவை 76-0-னு அடிச்சதுக்கும் பூஜ்யம். இடைவெளி வர்ற கட்டத்துல எக்செல்லோட MIN, MAX ரெண்டையும் சேர்த்துப் போட்டு −10-க்கும் 10-க்கும் நடுவுல அடைச்சிடுங்க.

ரெண்டாவதுதான் உங்க முதலிடத்தையே மாத்திடுச்சு. 1.5 மடங்கு கிடைக்க வித்தியாசம் 15-ஐத் தாண்டணும். 15 போதாது, 16 வேணும். மார்செய்ல தென்னாப்பிரிக்கா ஸ்காட்லாந்தை ஜெயிச்சது 18-3. கழிச்சுப் பாருங்க, சரியா 15! உங்க தாள்ல "15 அல்லது அதுக்கு மேல"-ன்னு இருக்கும். அதை "15-க்கு மேல"-ன்னு மாத்துங்க.

அப்போ கணக்கு இப்படி வரும். 91.08 − 84.01 = 7.07. பத்தால வகுத்து 1-ல இருந்து கழிச்சா 0.293. உலகக் கோப்பைக்கு ரெண்டு மடங்கு, 0.586. தென்னாப்பிரிக்கா 91.67-ஐ ஒட்டி நிக்கும், அயர்லாந்து 91.82. கடைசி தசமத்துல ஒண்ணு முன்னப்பின்ன வந்தா கவலைப்படாதீங்க, பட்டியல்ல ரெண்டு தசமம்தான் காட்டுவாங்க, உள்ளே கணக்கு இன்னும் நீளமா ஓடும்.

அந்த ஆட்டத்துல தென்னாப்பிரிக்கா இன்னும் ஒரே ஒரு பெனால்டி (மூணு புள்ளி) உதைச்சு 21-3-னு முடிச்சிருந்தா, சனிக்கிழமை அவங்கதான் முதலிடத்தோட மைதானத்துக்குள்ள வந்திருப்பாங்க.

---

டப்ளின்_குமரன் | புதன் மாலை

ரவி அண்ணா, ரெண்டையும் மாத்தினேன், அயர்லாந்து மேல வந்துடுச்சு. கோடி நன்றி!

ஆனா பிரான்ஸ் மட்டும் இன்னும் உதைக்குது. நியூசிலாந்தை 27-13-ல ஜெயிச்சதைப் போட்டா என் தாள்ல 91.19 வருது, பட்டியல்ல 90.59.

---

அடையாறு_ரவி | புதன் இரவு

சொந்த மண்ணு! உள்ளூர்ல ஆடுற அணிக்கு, கணக்குப் போடுறதுக்காக மட்டும், 3 புள்ளி கூட்டிக்கணும். 89.22 + 3 − 89.06 = 3.16. அப்படின்னா 1 − 0.316 = 0.684, ரெண்டு மடங்கு 1.368. பிரான்ஸ் 90.59, நியூசிலாந்து 87.69. பொருந்துதா?

சனிக்கிழமை ஆட்டத்துக்கு இந்த 3-ஐ யாருக்கும் போட்டுடாதீங்க. அட்டவணையில தென்னாப்பிரிக்கா பேர் முதல்ல இருக்குங்கிறதுக்காக அது அவங்க வீடு ஆகிடாது. பாரிஸ் ரெண்டு பேருக்கும் பொதுவான இடம்.

---

நித்தவெல_ஃப்ளாங்கர் | வியாழன் காலை

வணக்கம். கண்டியிலிருந்து எழுதுறன். ஏழுக்கு ஒண்டு பற்றிக் கேட்டிருந்தீங்கள், அதுக்கு என்னால பதில் சொல்ல ஏலும்.

பெஞ்சில இருக்கிற எட்டுப் பேரில முன்வரிசைக்கு மூண்டு பேர் கட்டாயம்: ஸ்க்ரமில (ரெண்டு பக்க ஃபார்வர்ட்களும் கோத்து நிண்டு தள்ளுறது) நடுவில நிக்கிற ஒரு ஹூக்கர், அவருக்கு ரெண்டு பக்கமும் நிக்கிற ரெண்டு ப்ராப். வழமையா மிச்ச அஞ்சில ரெண்டு மூண்டு பேர் பேக்ஸ். தென்னாப்பிரிக்கா இந்த முறை கோபஸ் ரைனாக் என்ற ஸ்க்ரம்-ஹாஃப் (ஃபார்வர்ட்களிட்டயிருந்து பந்தை எடுத்துக் குடுக்கிற பேக்) ஒருத்தரை மட்டும்தான் வைச்சிருக்கு. ஆட்டத்தை நடத்திற ஃப்ளை-ஹாஃப் (பத்தாம் இடம்) லிபொக் வெளியேறினா, டேமியன் வில்லெம்ஸ கடைசியில நிக்கிற ஃபுல்-பேக் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்கு வருவார். அதோட பெஞ்சில இருக்கிற க்வாகா ஸ்மித் ஃப்ளாங்கர் எண்டாலும் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடுற ரக்பி) ஆடி வளர்ந்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில வெண்கலம் வென்ற அணியில இருந்தவர். தேவையெண்டா விங்கில நிண்டு ஓடுவார்.

ஆகஸ்ட் 25-ம் தேதி ட்விக்கன்ஹாமில நியூசிலாந்தை 35-7 என்று நொறுக்கினதும் இந்த அமைப்போடதான். அண்டைக்கு அது கடைசி நேரத்தில வந்த மாற்றம், வில்லி ல ரூ விலகினதால க்வாகா உள்ள வந்தவர். இந்த முறை செவ்வாய்க்கிழமையே யோசிச்சு அறிவிச்சிருக்கினம். அதுதான் வித்தியாசம்.

ஏன் அயர்லாந்துக்கு எதிரா இப்பிடி? அயர்லாந்து பந்தை லேசில விடாது. பத்து, பதினைஞ்சு ஃபேஸ் (ஒரு மோதலுக்கும் அடுத்ததுக்கும் இடையில பந்து ஓடுற சுற்று) எண்டு தொடர்ந்து கையில வைச்சிருந்து, எதிரணி ஃபார்வர்ட்கள் மூச்சு வாங்கிற இடத்தில அயர்லாந்து ஃப்ளை-ஹாஃப் செக்ஸ்டன் ஒரு இடைவெளியைக் கண்டுபிடிப்பார். அந்தக் களைப்பு வரவேண்டிய நேரத்தில தென்னாப்பிரிக்கா ஒரு முழுப் புதுப் படையை இறக்கப் பார்க்குது. ஐம்பதாவது நிமிஷத்தை ஒட்டி ஓக்ஸ் என்ஷே, ஸ்னைமன், க்ளைன் எல்லாரும் ஒண்டா உள்ள வந்தா ஸ்க்ரமில அயர்லாந்து தாங்குமா எண்டதுதான் என்ர பெரிய கேள்வி. அந்த ஜான் க்ளைன் 2019 உலகக் கோப்பையில அயர்லாந்துக்கு ஆடினவர். அவரும் ஸ்னைமனும் ஐரிஷ் கழகமான மன்ஸ்டர் ஆக்கள். தென்னாப்பிரிக்க ரக்பியின்ர இயக்குநர் ராஸி எராஸ்மஸும் முந்தி மன்ஸ்டரில பயிற்சியாளரா இருந்தவர். ஒருத்தரை ஒருத்தர் உள்ளும் புறமும் அறிஞ்ச அணிகள் இவை.

எனக்குப் பயம் ஹூக்கர் இடத்திலயும் உதையிலயும்தான். முழங்கால் காயத்தால மால்கம் மார்க்ஸ் போட்டியை விட்டே போயிட்டார். பொங்கி ம்பொனாம்பிக்கு அடுத்த ஆள் டியோன் ஃபூரி, அவர் பின்வரிசையிலயும் ஆடுறவர். லிபொக் ஸ்காட்லாந்துக்கு எதிரா வேற பக்கம் பார்த்துக்கொண்டே உதைச்சு அரென்ட்ஸவுக்கு ட்ரை (எதிரணி எல்லைக்கோட்டுக்கு அப்பால பந்தை ஊன்றுறது) எடுத்துக் குடுத்தார், அப்பிடி ஒரு கால் அவருக்கு. ஆனா கம்பத்துக்குள்ள அடிக்கிற உதையில நம்பிக்கை வருதில்லை. நம்பி உதைக்க விடக்கூடிய ஃப்ளை-ஹாஃப் போலார்டை அணிக்குள்ள கூப்பிட்டும் சனிக்கிழமைக்கு எடுக்கேல்ல. நெருக்கமான ஆட்டத்தில இது பெரிய விலையா முடியலாம்.

---

பாரிஸ்_வாணி | வியாழன் மாலை

நான் சனிக்கிழமை மைதானத்தில இருப்பன்! டிக்கெட் கிடைச்ச நாளிலிருந்து நித்திரை ஒழுங்காயில்லை.

குமரன் தம்பி, உங்கட ஆக்கள் யாரும் டப்ளினிலிருந்து வருகினம் எண்டா சொல்லுங்கோ: கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து ஆர்இஆர் பி (புறநகர் ரயில்) எடுத்தா அடுத்த தரிப்பே லா ப்ளேன் ஸ்தாத் து பிரான்ஸ். ஆர்இஆர் டி-யிலும் அடுத்த தரிப்புத்தான். மெட்ரோ 13-ல வந்தா போர்த் து பாரி. கார் து நோரிலிருந்து தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பல் நடக்கிற தூரம், சாப்பாட்டை அங்கயே முடிச்சிட்டு வரலாம். வேளைக்கு வெளிக்கிடச் சொல்லுங்கோ. இங்கிலாந்து – அர்ஜென்டினா ஆட்டத்தண்டு மார்செய்ல வாசலில நெரிபட்டு, தொடக்கத்தைத் தவறவிட்ட சனம் நிறைய.

எனக்கும் ஒரு சந்தேகம். தோற்கிற அணி வெளியில போயிடுமோ? இஞ்ச வேலையிடத்தில ஆளுக்கொரு கதை சொல்லுகினம்.

---

நித்தவெல_ஃப்ளாங்கர் | வியாழன் இரவு

இல்லை அக்கா, போகாது. வெற்றிக்கு 4, சமநிலைக்கு 2, நாலு ட்ரை எடுத்தா ஒரு போனஸ், 7 அல்லது அதுக்குக் குறைஞ்ச வித்தியாசத்தில தோற்றா ஒரு போனஸ். இப்ப அயர்லாந்து 10, தென்னாப்பிரிக்கா 9. தோற்கிற அணிக்கும் வழி இருக்கு. தென்னாப்பிரிக்காவுக்கு டோங்காவும் (அக்டோபர் 1), அயர்லாந்துக்கு ஸ்காட்லாந்தும் (அக்டோபர் 7) மிச்சம்.

ஆனா போற வழிதான் கொடுமை. இந்த ரெண்டு அணியும் இருக்கிற பி பிரிவில முதல் வந்தா காலிறுதியில ஏ பிரிவின்ர ரெண்டாம் அணி, ரெண்டாவதா வந்தா ஏ பிரிவின்ர முதல் அணி. இப்ப இருக்கிற நிலையில அது நியூசிலாந்தும் பிரான்ஸும். ஒண்டு மூண்டு தரம் கோப்பை வென்ற நாடு, மற்றது சொந்த ஊர்ச் சனத்துக்கு முன்னால ஆடுற நாடு.

இதை நினைக்க எனக்கு ஆத்திரம் வரும். இந்தப் பிரிவுகளை 2020 டிசம்பரில குலுக்கிப் போட்டவை. அதுக்கு எடுத்த தரவரிசை 2020 ஜனவரி 1-ம் தேதியினது. கோப்பை நடக்கிறதோ 2023 செப்டம்பரில. நாலு வருஷத்துக்குக் கிட்ட பழசான பட்டியலை வைச்சுப் பிரிச்சதில, போட்டி தொடங்கேக்க முதல் அஞ்சு இடத்தில இருந்த அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா, பிரான்ஸ், நியூசிலாந்து, ஸ்காட்லாந்து எல்லாம் ஏ, பி ரெண்டு பிரிவுக்குள்ளயே மாட்டிக்கொண்டுது. இதில ஒரு அணி பிரிவிலயே கழியும், இன்னும் ரெண்டு காலிறுதியில கழியும். ரவி அண்ணா காட்டின கணக்கு ஒவ்வொரு கிழமையும் தன்னைத் திருத்திக்கொள்ளுது, ஒரு குறையும் சொல்லேலாது. அதை எப்ப எடுத்துப் பாவிச்சவை எண்டதிலதான் பிழை. கிட்டத்திலயான தேதியை எடுத்திருந்தா சனிக்கிழமை ஆட்டம் இறுதிப் போட்டியாவே வந்திருக்கக்கூடும்.

---

டப்ளின்_குமரன் | வெள்ளி காலை

வாணி அக்கா, எங்க குழுவுல ரெண்டு பேர் வர்றாங்க, இந்த வழியை அப்படியே அனுப்பிட்டேன். ரொம்ப நன்றி.

அயர்லாந்தும் அணியை அறிவிச்சாச்சு. பெஞ்ச்ல அஞ்சு ஃபார்வர்ட், மூணு பேக்: மர்ரே, க்ராலி, ஹென்ஷா. பயிற்சியாளர் ஃபாரல் தன் வழியை மாத்திக்கலை. ஹூக்கர் ஷீஹன் பெஞ்ச்ல இருக்கார், கெலஹர் தொடங்குறார். தென்னாப்பிரிக்கா படையை இறக்கும்போது எங்க பக்கமும் ஒரு பெரிய ஆள் உள்ள வருவார்ங்கிறது எனக்கு ஆறுதல்.

தாள் இப்போ சுத்தமா ஓடுது. யாருக்காவது உதவும்னு முடிவுகளைப் போடுறேன்.

அயர்லாந்து 15 அல்லது அதுக்குக் குறைஞ்ச வித்தியாசத்துல ஜெயிச்சா: அயர்லாந்து 93.79, தென்னாப்பிரிக்கா 89.70.
தென்னாப்பிரிக்கா அதே மாதிரி ஜெயிச்சா: தென்னாப்பிரிக்கா 93.70, அயர்லாந்து 89.79.
சமநிலைன்னா: அயர்லாந்து 91.79, தென்னாப்பிரிக்கா 91.70. இடம் மாறாது.

நான் எதிர்பார்க்காத ஒண்ணு: யார் தோத்தாலும் ரெண்டாவது இடத்துல நிக்க முடியாது. பிரான்ஸ் 90.59-ல இருக்கு. நேத்து நமீபியாவை 96-0-னு அடிச்சும் ரவி அண்ணா சொன்ன அந்த 10 வேலியால அது அசையலை. தோக்கிற அணி நேரா மூணாவது இடத்துக்கு இறங்கும். சரிதானே?

---

அடையாறு_ரவி | வெள்ளி மதியம்

மிகச் சரி. 16-ஓ அதுக்கு மேலயோ வித்தியாசம் வந்தா மாறும் புள்ளி மூணை ஒட்டி இருக்கும். அப்பவும் தோக்கிற அணி நியூசிலாந்துக்கு மேலதான் நிக்கும். சமநிலைக்குத் தனிச் சூத்திரம் போட்டிருக்கீங்கதானே? அங்க 1-ல இருந்து கழிக்கக் கூடாது. இடைவெளியைப் பத்தால வகுத்து, ரெண்டால பெருக்கி, மேல இருக்கிற அணியில இருந்து எடுத்துக் கீழ இருக்கிற அணிக்குக் கொடுக்கணும். உங்க 91.79 அப்படித்தான் வந்திருக்கு, நல்லது.

நான் தென்னாப்பிரிக்கா பக்கம். நாலு புள்ளியில ஜெயிப்பாங்கன்னு என் கட்டத்துல எழுதிக்கோங்க.

---

பாரிஸ்_வாணி | வெள்ளி மாலை

என்ர கட்டத்தில அயர்லாந்து, மூண்டு புள்ளி. போன நவம்பரில டப்ளினில 19-16 எண்டுதானே வென்றவை, திரும்ப அதே வித்தியாசம் வரும். இப்பவே கார் து நோர் முழுக்கப் பச்சைச் சட்டை.

---

நித்தவெல_ஃப்ளாங்கர் | வெள்ளி இரவு

கட்டத்தில என்ர பெயருக்கு நேரே தென்னாப்பிரிக்கா, ஆறு புள்ளி. லிபொக் உதைச்சா மட்டும்.

நேரம் கேட்டு இன்னும் ஆக்கள் எழுதுகினம், அதால இதையும் போடுறன்: பாரிஸில சனி இரவு 9 மணி, டப்ளினிலும் லண்டனிலும் 8 மணி, டொரன்டோவில பிற்பகல் 3 மணி. இலங்கையிலயும் இந்தியாவிலயும் நள்ளிரவு தாண்டி 12:30, அதாவது தேதி ஞாயிறு 24. சனி 12:30 எண்டு அலாரம் வைச்சா ஒரு நாள் முந்தியே எழும்பி இருப்பீங்கள்.