300 வேகத்துக்குப் பணம் கட்டி 94 வருகிறது: கம்பியா, பெட்டியா?

கம்பிக்காரன்:
நேற்று நம் சுங்கை சிப்புட் குழுவில் ரௌட்டர் விற்கிற பெட்டிக்கடை தம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து தே தாரிக்கூட இறங்கவில்லை. தாமான் டீச்சர் வீட்டில் 300 எம்பிபிஎஸ், அதாவது வினாடிக்கு 300 மெகாபிட், நெட் திட்டம், சோதித்தால் 94தான் வருகிறது என்று கேட்டிருந்தார்கள். இவர் உடனே, "ரௌட்டர் கிழமாகிவிட்டது, புதிது வாங்குங்கள், கேபிள் எல்லாம் ஒன்றுதான்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். கேபிள் எல்லாம் ஒன்றா? 94 என்றாலே 100-ல் மாட்டிக்கொண்ட கம்பி. உள்ளே எட்டு இழை இருக்கிறது. 100-க்கு நான்கு போதும்: 1, 2, 3, 6. ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும், 1999-லேயே எழுதிவைத்த விதி. ஓர் இழை விட்டுப்போனாலும், பெரும்பாலான கருவிகள் ஆயிரத்தை முயன்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வரும், படம் ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது.

பெட்டிக்கடை:
வந்துவிட்டார் வாத்தியார். அண்ணே, சில பழைய ரௌட்டரில் கேபிள் செருகுகிற போர்ட்டே 100தான். நீங்கள் எட்டு இழை என்ன, எண்பது இழை போட்டாலும் 94தான். அதற்கு என்ன பதில்?

கம்பிக்காரன்:
கேபிள் எல்லாம் ஒன்று என்று எழுதினீர்களா, இல்லையா?

பெட்டிக்கடை:
நான் போர்ட்டைப் பற்றிக் கேட்டேன்.

கம்பிக்காரன்:
நான் கேபிளைப் பற்றிக் கேட்டேன்.

செம்பனைக்காடு:
முதலில் அந்த 94 என்ன கணக்கு, மெகாபிட்டா மெகாபைட்டா? என் வீட்டில் டவுன்லோடு 11 என்று காட்டுகிறது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட், எட்டால் பெருக்கினால்தான் கிட்டத்தட்ட 90 வருகிறது. இதைப் பேசாமல் சண்டை போட்டு என்ன பயன்?

பழைய கிராணி:
ஆளாளுக்கு எம்பிபிஎஸ் என்று எழுதுகிறீர்கள். டாக்டர் படிப்பா? ரௌட்டருக்குத் "திசைவி" என்று அழகான சொல் இருக்கிறது. அதை எழுதினால் கை சுளுக்கிக்கொள்ளுமா?

பெட்டிக்கடை:
ஐயா, கடைக்கு வந்து திசைவி கேட்ட ஒருவரை இன்னும் நான் பார்க்கவில்லை.

பழைய கிராணி:
நீங்கள் பலகையில் எழுதி வைத்தால்தானே கேட்பார்கள்!

பெட்டிக்கடை:
விஷயத்துக்கு வருகிறேன். பழைய பெட்டியின் மூளையான சிபியு 300-ஐத் தாங்காது. பிள்ளைகளுக்கு நேரக்கட்டுப்பாடு, யாருக்கு எவ்வளவு வேகம் என்ற பங்கீடு, இதையெல்லாம் போட்டுவிட்டால் பல ரௌட்டரில் சிபியுவின் வேலையைக் குறைக்கிற முடுக்கி அணைந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் சிபியுவே பிரித்துப் பார்க்க வேண்டும். ஒற்றை ஆள் நூறு மரம் சீவுகிற மாதிரி. வேகம் விழாமல் என்ன செய்யும்?

கம்பிக்காரன்:
விழும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆணி அடித்தாற்போல 94-ல் நிற்குமா? சிபியு திணறினால் காலையில் 140, ராத்திரி 210 என்று ஆடும். டீச்சர் மூன்று நாள் சோதித்தார்கள். 94, 94, 94. ஏன் 94 என்று தெரியுமா? ஒரு பொட்டலத்தில் 1500 பைட். முகவரி எழுதவே 40 போய்விடும், மீதி 1460. கம்பியில் ஓடும்போது முன்னும் பின்னும் நடு இடைவெளியுமாக இன்னும் 38 சேர்ந்து 1538. 1460-ஐ 1538-ஆல் வகுத்துப் பாருங்கள். இப்போதாவது எட்டு இழை ஞாபகத்துக்கு வருகிறதா?

செம்பனைக்காடு:
அது 94.9 அண்ணே. பயனர்பெயர் போட்டு நுழைகிற பிபிபிஓஇ இணைப்பு என்றால் இன்னும் 8 பைட் கழியும், 94.4.

கம்பிக்காரன்:
புள்ளிக்குப் பின்னால் இருப்பதை நீயே வைத்துக்கொள் தம்பி.

பெட்டிக்கடை:
போர்ட் 100 என்றாலும் இதே கணக்குத்தானே? நீங்கள் போட்ட கணக்கே என் பக்கம் சாட்சி சொல்கிறது!

கம்பிக்காரன்:
கேபிள் எல்லாம் ஒன்று என்றவருக்குச் சாட்சி வேறா? போன தைப்பூசத்தில் கோயில் ஒலிபெருக்கி நடுவில் நின்றதே, அன்றைக்கும் "கம்பியில் ஒன்றுமில்லை, பெட்டிதான் போய்விட்டது" என்று புதுப் பெட்டி விற்றீர்கள். கடைசியில் என்ன? கிரில் கதவில் கம்பி நசுங்கிக் கிடந்தது.

பெட்டிக்கடை:
அதை எடுத்துவிட்டீர்களா! ஒரு முனையில் பிளக் இறுக்கி கிரிம்ப் செய்ய 35 வெள்ளி வாங்கினவர் யார்? ஈப்போவிலேயே அவ்வளவு கேட்க மாட்டார்கள்.

கம்பிக்காரன்:
ஈப்போவுக்கே போங்கள். அங்கே எட்டு இழையில் நான்கைத்தான் செருகுவார்கள்.

பழைய கிராணி:
1948-ல் நம்மூர்த் தோட்டங்களில் மூன்று துரைமார் செத்ததற்குத்தான் வெள்ளைக்காரன் மலாயா முழுக்க அவசரகாலம் போட்டான். இப்போது ஒரு கம்பிக்கு நீங்கள் இருவரும் போட்டுவிடுவீர்கள் போலிருக்கிறது.

தாமான் டீச்சர்:
மன்னிக்கவும், வீடு என்னுடையது என்பதால் ஒன்று சொல்கிறேன். ரௌட்டருக்குப் பக்கத்திலேயே நின்று, போனை 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்துப் பார்த்தேன். அப்போதும் 94.

கம்பிக்காரன்:
பார்த்தீர்களா! வைஃபையும் அதே 94 என்றால், நெட் வருகிற சுவர்ப் பெட்டியிலிருந்து ரௌட்டருக்கு வருகிற அந்தக் குட்டிக் கேபிள்தான். எலி கடித்திருக்கும். செம்பனைக்குப் பக்கத்துத் தாமான், எலிக்கா பஞ்சம்?

பெட்டிக்கடை:
அல்லது ரௌட்டரின் அந்த நுழைவு போர்ட் 100. டீச்சர், மாடல் எண்ணை அனுப்புங்கள்.

செம்பனைக்காடு:
ஐந்தாறு வெள்ளிக்கு ஆயிரத்தைத் தாங்குகிற கேட் 5இ வகைக் கேபிள் ஒன்று வாங்கி மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அல்லது ரௌட்டரின் அமைப்புத் திரையில் அந்த போர்ட்டின் இணைப்பு வேகம் 100 என்று இருக்கிறதா, 1000 என்று இருக்கிறதா, பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை.

கம்பிக்காரன்:
எந்தக் கேபிளும் வாங்க வேண்டாம். இருப்பதன் முனையில் எட்டு இழையும் தெரிகிறதா என்று எண்ணச் சொல்லுங்கள். ஆரஞ்சுவெள்ளை, ஆரஞ்சு, பச்சைவெள்ளை, நீலம், நீலவெள்ளை, பச்சை, பழுப்புவெள்ளை, பழுப்பு. எனக்கு இது தூக்கத்திலும் வரும்.

பெட்டிக்கடை:
உள்ளே அறுந்திருந்தால் முனையில் எண்ணி என்ன தெரியும்?

கம்பிக்காரன்:
அறுந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டாயிற்று. கேபிள் எல்லாம் ஒன்று இல்லை!

பெட்டிக்கடை:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. போர்ட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.

தாமான் டீச்சர்:
போர்ட்டில் ஆரஞ்சு விளக்கு எரிகிறது. அது நல்லதா, கெட்டதா?

கம்பிக்காரன்:
ஆரஞ்சு என்றால் 100. முடிந்தது கதை.

பெட்டிக்கடை:
எல்லாக் கம்பெனிக்கும் அப்படி இல்லை. சிலதில் ஆரஞ்சுதான் ஆயிரம். நான் விற்கிறவன், எனக்குத் தெரியாதா?

கம்பிக்காரன்:
விற்கிறவருக்கு விலைதான் தெரியும். டீச்சர், எட்டு இழை.

தாமான் டீச்சர்:
இங்கே இடி இடிக்கத் தொடங்கிவிட்டது. எல்லாவற்றையும் கழற்றி வைக்கிறேன்.

பழைய கிராணி:
திசைவியையும் மறக்காமல் கழற்றுங்கள்.