மிச்சிகன் – ஒஹாயோ ஸ்டேட்: சென்டர் இல்லாததாலதான் தோத்தாங்களா?

(அமெரிக்கக் கல்லூரி கால்பந்து. 2025 நவம்பர் கடைசியில நடந்த ஆட்டத்துக்கு முன்னாடி ரசிகர்கள் பேசினது. மஞ்சள்நீலம் மிச்சிகன் ரசிகர், கொலம்பஸ்காரன் ஒஹாயோ ஸ்டேட் ரசிகர்.)

மஞ்சள்நீலம்: "2024-ல எங்க சென்டர் (வரிசை நடுவுல நின்னு பந்தைப் பின்னால கொடுக்கறவர்) செத் மெக்லாலினுக்குக் குதிகால் தசைநார் அறுந்ததாலதான் மிச்சிகன்கிட்ட 13-10னு தோத்தோம், இந்தச் சனிக்கிழமை பாருங்க"ன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார். படிச்சதுலேர்ந்து எரிச்சல். மெக்லாலின் இடத்துல ஆடின கார்சன் ஹின்ஸ்மன்தானே அதுக்கப்புறம் டென்னசி, ஓரிகன், டெக்சஸ், நோட்ர டேம்னு வரிசையா ஜெயிச்சப்பவும் சென்டர்? தேசியக் கோப்பை வாங்கறப்ப அந்தக் குறை எங்க போச்சு?

கொலம்பஸ்காரன்: எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே கேளுங்க. ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால கொடுக்கறதுக்கு) முன்னாடி எந்த லைன்பேக்கரை (எதிரணித் தடுப்பு வரிசைக்குப் பின்னால நிக்கறவர்) யார் பார்க்கணும்னு சொல்றது சென்டர். கார்டா (சென்டருக்குப் பக்கத்துல நிக்கறவர்) ஆடிட்டிருந்த ஹின்ஸ்மன் நடுவுக்கு வந்து அது ரெண்டாவது ஆட்டம். பந்தோட ஓடினதுல 26 முயற்சி, 77 யார்டுதான். வேற என்ன காரணம்?

மஞ்சள்நீலம்: 2023-லயும் ஹின்ஸ்மன்தான் உங்க சென்டர். புது ஆளா அவர்? காரணம் எங்க தடுப்பு வரிசை நடுவுல நின்ன டேக்கிள்கள் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும். இன்சைடு ஸோன்ல (நடுவால ஓடற ஆட்டமுறை) சென்டரும் கார்டும் சேர்ந்து ஒரு டேக்கிளைத் தள்ளணும், அவர் தோள் திரும்பினதும் ஒருத்தர் கழண்டு லைன்பேக்கர்கிட்ட போகணும். டேக்கிள் நகரவே இல்லைன்னா கழள முடியாது. லைன்பேக்கர் தடையில்லாம இறங்கி ஓடறவரை அங்கயே அமுக்கிடுவார். வெளியில பந்து பிடிக்கற ஜெரமையா ஸ்மித்தை வச்சுக்கிட்டு அந்தச் சுவத்துலயே போய் முட்டினது உங்க பயிற்சியாளர்.

கொலம்பஸ்காரன்: அந்த ரெண்டு பேரையும் டிராஃப்ட்ல (தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கறது) முதல் சுத்துலயே எடுத்துட்டுப் போயாச்சு. இப்ப யாரை நம்பி வாய் பேசறீங்க? நாங்க 11 ஆட்டத்துல 11 வெற்றி. நீங்க ஓக்லஹோமாகிட்டயும் யுஎஸ்சிகிட்டயும் உதை வாங்கிட்டு வர்றீங்க. எதிரணிப் பயிற்சியாளரோட சைகையைத் திருடி ஜெயிச்ச கூட்டம்தானே!

லான்சிங்_வாசி: தம்பி, அந்தப் பேச்சு 2024-க்குப் பொருந்தாது. அந்த வருஷமே ஹெல்மெட்ல பயிற்சியாளர் பேசற ரேடியோ வந்தாச்சு. ப்ளே கிளாக்ல (பந்தைக் கொடுக்கறதுக்கான கெடு நேரம்) 15 விநாடி மிச்சமிருக்கறப்ப அணைஞ்சிடும், அதுக்குள்ள ப்ளேயைச் சொல்லிடலாம்.

கொலம்பஸ்காரன்: அண்ணே, உங்களை யாரும் கேக்கல. உங்க மிச்சிகன் ஸ்டேட் நிலைமையை முதல்ல பாருங்க.

மஞ்சள்நீலம்: திசை திருப்பாதீங்க. இந்தத் தடவை ஆட்டம் எங்க ஊர் ஆன் ஆர்பர்ல. 1,07,601 இருக்கை. அந்தச் சத்தத்துல குவாட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தறவர்) கத்தினா கேக்காது. கார்டு திரும்பிப் பார்த்து, சென்டரைத் தட்டி, சென்டர் தலையசைச்சுப் பந்தைக் கொடுக்கணும். அந்த அசைவு ஒரே தாளத்துல வந்தா எங்க எட்ஜ் ஆட்கள் (ஓரத்துலேர்ந்து பாயறவங்க) உங்க வரிசை ஓரத்துல நிக்கற டேக்கிள் எழும்பறதுக்கு முன்னாடியே பாய்ஞ்சிடுவாங்க.

கொலம்பஸ்காரன்: ஒரு தடவை ஒரு அசைவுல பந்தைக் கொடுப்போம், அடுத்த தடவை ரெண்டு அசைவுல. முன்னாடியே பாய்ஞ்சா ஆஃப்சைடு, அஞ்சு யார்டு இலவசம். 2024-ல நாங்க 34 யார்டுலயும் 38 யார்டுலயும் ஃபீல்டு கோல் (உதைச்சு எடுக்கற மூணு புள்ளி) தவறவிட்டதை மட்டும் ஏன் விட்டுட்டீங்க? ஆறு புள்ளி! தானா கிடைச்ச வெற்றிக்கு எங்க மைதானத்து நடுவுல கொடி நட வந்தீங்க.

மஞ்சள்நீலம்: அந்தக் கொடிச் சண்டைக்கு ரெண்டு அணிக்கும்தான் தலா 1,00,000 டாலர் அபராதம். சண்டைக்கு வந்தது யாரு?

கொலம்பஸ்காரன்: கொடியோட வந்தது யாரு?

மஞ்சள்நீலம்: அதை அப்புறம் பேசலாம். 2023-ல உங்க சென்டர் யாரு? அதுக்கு இன்னும் பதில் வரல.

கொலம்பஸ்காரன்: மெக்லாலின் இருந்திருந்தா 77 யார்டு ஆகியிருக்காது. அவ்வளவுதான்.

மஞ்சள்நீலம்: 2023. சென்டர். பேர் சொல்லுங்க.